நம் வழக்குக் கட்டு யார் கையில் இருக்கிறது?

போன வருஷம் தை மாசம். நான் உட்காரும் பேங்க் கவுண்டருக்கு ஒரு அம்மா வந்தார். கையில் மஞ்சப்பை. பைக்குள் பாஸ்புத்தகம், ரேஷன் கார்டு நகல், நாலாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு எப்.ஐ.ஆர். பாஸ்புத்தகத்தை நீட்டி, "சார், மீதிப் பணம் விழுந்துருச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். என்ன பணம்மா என்று கேட்டேன்.

"கலெக்டராபீஸ்ல குடுத்தாகள்ல சார், எங்கள அடிச்சதுக்கு. ரெண்டு தடவ வந்துச்சு. கேஸு செயிச்சா மூணாவது தடவ வரும்னாக. கேஸுதான் இன்னும் நடந்துக்கிட்டுக் கெடக்கு."

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகை தவணை தவணையாக வரும். வழக்குப் பதிவானதும் ஒரு பகுதி. குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் ஒரு பகுதி. பெரும்பாலான குற்றங்களுக்குக் கடைசிப் பகுதி வருவது, கீழ்க்கோர்ட்டில் எதிரிகளுக்குத் தண்டனை கிடைத்தால்தான். அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் இந்த அம்மா மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து, பாஸ்புத்தகத்தைப் பதிந்து பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

எப்.ஐ.ஆரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 2018இல் நடந்த சம்பவம். ஊர்த்தெரு வழியாகப் பைக்கில் போனான் என்பதற்காக இவருடைய மகனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். தடுக்கப்போன தாயையும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அடித்தார்கள். இயக்கம் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தியது. ராத்திரி முழுக்கச் சுவரொட்டி ஒட்டினோம். நான் ஒரு கவிதை எழுதினேன். அது ஒரு சிறப்பிதழில் வந்தது, நாலு பேர் பாராட்டினார்கள். அந்தக் கவிதையில் தெருப்புழுதி இருந்தது, ரத்தம் இருந்தது. வழக்கின் குற்ற எண் என்ன, எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்பது மட்டும் அதை எழுதிய எனக்கும் தெரியாது, பாராட்டியவர்களுக்கும் தெரியாது.

சாயங்காலம், சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு தோழரை வரச் சொன்னேன். எப்.ஐ.ஆரில் இருந்த காவல் நிலையத்தின் பெயரையும் எண்ணையும் வருஷத்தையும் செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பார்த்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. முடிந்தது 2022 நவம்பரில். முடிவு: எதிரிகள் அனைவரும் விடுதலை.

இரண்டு வருஷத்துக்கும் மேலாக, செத்துப்போன ஒரு வழக்கை உயிரோடு இருப்பதாக நினைத்து அந்தத் தாய் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். அவர் ஒருநாள் கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 14ஏ பிரிவு 90 நாள் அவகாசம் தருகிறது. தக்க காரணம் இருந்தால் 180 நாள் வரை ஏற்கலாம் என்கிறது. நமக்குத் தெரியவந்தபோது இரண்டுமே காற்றோடு போயிருந்தன.

*

யார் குற்றவாளி? முதலில் அரசு. 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 15ஏ என்று ஒரு புதிய பிரிவு. எப்.ஐ.ஆர். நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஜாமீன் விசாரணை உட்பட வழக்கின் ஒவ்வொரு நடவடிக்கையையும் உரிய காலத்தில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்குள்ள உரிமைகளைப் புலனாய்வு அதிகாரியும் நிலைய அதிகாரியும் எடுத்துச் சொல்ல வேண்டும். ஜாமீன் மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு கொடுப்பது கட்டாயம், அது வெறும் சடங்கல்ல என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டம் இவ்வளவு பேசுகிறது. சேரிக்குள் வந்து பேச மட்டும் அதற்கு வாய் வரவில்லை.

இரண்டாவது குற்றவாளி நாம். கசக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சம்பவம் நடந்த அன்று நாம் ஆயிரம் பேர். ஆர்ப்பாட்டத்துக்கு ஐந்நூறு பேர். குற்றப்பத்திரிகை போட்ட அன்று ஐந்து பேர். சாட்சி விசாரணை அன்று ஒருத்தரும் இல்லை. கோர்ட் வராந்தாவில் எதிரிகளின் சொந்தக்காரர்கள் வெள்ளை வேட்டியோடு முப்பது பேர் நிற்க, நடுவில் அந்தம்மா மஞ்சப்பையோடு தனியாக நின்றிருக்கிறார். அந்த முப்பது பேரைப் பார்த்துவிட்டுப் போய்க் கூண்டில் ஏறிய பக்கத்து வீட்டுச் சாட்சி, "நான் எதையும் பாக்கலைங்கய்யா" என்றால், பிறழ்ந்தது அந்தச் சாட்சி மட்டும்தானா?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். சேரிப் பையன் ஒருவன்மேல் ஒரு அடிதடி வழக்கு இருந்தால், ஸ்டேஷன் நோட்டில் அது விரல்நுனியில் இருக்கிறது. திருவிழா வந்தால் கூப்பிடுகிறார்கள், தேர்தல் வந்தால் கூப்பிடுகிறார்கள். போலீஸ் சரிபார்ப்பில் அவன் வேலையே போகிறது. நம்மேல் போட்ட வழக்கின் காகிதம் எப்போதும் தொலைவதில்லை. நாம் கொடுத்த வழக்கின் காகிதம்தான் எங்கே என்று தெரியாது.

*

சரி, எப்படித் தேடுவது? மாணவத் தோழர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதில் மந்திரம் எதுவும் கிடையாது.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே முருகேசனை நாலு விதமாக எழுதுவார்கள். இனிஷியல் முன்னே போகும், பின்னே வரும். பிடிக்க வேண்டிய நூல் எப்.ஐ.ஆர். எண். காவல் நிலையம், குற்ற எண், வருஷம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும், இ-கோர்ட்ஸில் அந்த மூன்றை வைத்தே தேட வழி இருக்கிறது. கிடைத்ததும் முதல் வேலை, டி.என். என்று தொடங்கும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொள்வது. அதற்குப் பிறகு வழக்கைப் பின்தொடர அந்த ஒரு எண்ணே போதும்.

எப்.ஐ.ஆரே கையில் இல்லையா? பதிவான 24 மணி நேரத்துக்குள் எப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு போலீஸின் இணையச் சேவையில் மாவட்டம், நிலையம், தேதி போட்டுத் தேடலாம். புகார் கொடுத்தவர் என்றால் நேரே ஸ்டேஷனுக்கே போய்க் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை.

குற்ற எண் கடைசிவரை அப்படியே வராது. கோர்ட்டுக்குக் கோர்ட் எண் மாறும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. எண், செஷன்ஸ் கோர்ட்டில் எஸ்.சி. எண், உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் அப்பீல் எண். நகல் பிரிவில் முதல் நாள் நான் போய் நின்றபோது ஊழியர் தலை நிமிராமல், "எஸ்.சி.யா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ஆமா, அதுக்கென்ன இப்ப?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "செஷன்ஸ் கேஸான்னு கேட்டேன் சார்" என்றார். அந்தக் கட்டிடத்துக்குள் அந்த ரெண்டு எழுத்துக்கு அதுதான் பொருள். நாம் அந்த இடத்துக்கு எவ்வளவு அந்நியமாக இருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. வன்கொடுமை வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றமே நேரடியாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2015 திருத்தம் சொல்வதால், புதிய வழக்குகளை முதலில் அங்கேதான் தேட வேண்டும்.

குற்றம் நடந்த ஊரிலேயே கட்டு இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. மேலவளவு மதுரை மாவட்டத்து ஊர். 1997 சூனில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். விசாரணை நடந்ததோ சேலத்தில். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது சேலம் செஷன்ஸ் கோர்ட். கோகுல்ராஜ் கொலை 2015இல், நாமக்கல் மாவட்டத்து வழக்கு. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது மதுரைச் சிறப்பு நீதிமன்றம். ஒரு கட்டு மதுரையிலிருந்து சேலம் போனது, இன்னொன்று நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு வந்தது. கண்ணகி - முருகேசன் கொலை 2003இல். வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. சி.பி.ஐ. எடுத்தால் தன் எண்ணில் புதிதாகப் பதிவு செய்யும், உள்ளூர் குற்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் நூல் பாதியில் அறுந்துவிடும். அந்த வழக்கில் கடலூர் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2021இல். பதினெட்டு வருஷம். மதுரைக் கிளை 2004 சூலையில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய தென்மாவட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்புகளுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

இணையத்தில் தீர்ப்பு இல்லையென்றால் நகல் மனு போடுங்கள். வழக்கு எண், தீர்ப்புத் தேதி, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, நகல் பிரிவில் கொடுத்தால் ஒரு எண் தருவார்கள். தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் கட்டணம் கட்டி நகல் பெறும் உரிமை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363ஆம் பிரிவில் இருந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 404ஆம் பிரிவு. வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் என்றால், எதற்காக நகல் வேண்டும் என்று காரணம் சொல்லித் தனியே மனுப் போட வேண்டியிருக்கும். அதனால் பாதிக்கப்பட்டவரையே கூட்டிக்கொண்டு போவதுதான் சுலபம். "தகவல் உரிமைச் சட்டத்துல போட்டுரலாம் தோழர்" என்று சிலர் சொல்வார்கள். நீதிமன்றக் கட்டுகளுக்கு அந்த வழி செல்லாது, கோர்ட்டின் சொந்த விதிப்படிதான் நகல் கேட்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் உரிமையைக் கலெக்டர் அலுவலகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிவாரணத் தொகை என்ன ஆனது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு எத்தனை தடவை கூடியது என்று அங்கே கேட்கலாம்.

புதிய சட்டத்தில் நமக்கு உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. 230ஆம் பிரிவு, எப்.ஐ.ஆர்., வாக்குமூலங்கள், குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகலை எதிரிக்குக் கொடுப்பதுபோலவே பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் அவருக்கு ஒரு வக்கீல் இருக்க வேண்டும் என்று ஒரு கொக்கி போட்டிருக்கிறது. நம் வக்கீல் தோழர்களே, அந்தக் கொக்கியைக் கழற்ற உங்கள் வக்காலத்து ஒன்று போதும்.

*

அந்தம்மாவின் தீர்ப்பு நகல் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. பதினான்கு பக்கம். அதில் அவருக்குப் பெயரில்லை, "அ.சா.1", அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி. எதிரிகள் ஏன் விடுதலை? புகார் இரண்டு நாள் தாமதம், அதற்கு விளக்கம் இல்லை. தனிச் சாட்சி பிறழ்ந்துவிட்டார். பாதிக்கப்பட்டவரின் சாதிச் சான்றிதழ் கோர்ட்டில் குறியிடப்படவில்லை. ஆகவே சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்கு.

படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. தாமதம் ஏன்? இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் உட்காரவைத்து, சமாதானமாகப் போகச் சொன்னார்கள். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாதி? டீக்கடை கிளாஸுக்குத் தெரியும் அவர் சாதி. சுடுகாட்டுக்குத் தெரியும். அடித்தவனுக்குத் தெரிந்துதான் அடித்தான். கோர்ட்டில் மட்டும் அது நிரூபிக்கப்படவில்லை! தாசில்தார் ஆபீஸில் வாங்க வேண்டிய ஒரு காகிதம் கட்டில் இல்லாததால் ஒரு வன்கொடுமை நடக்காததாகிவிட்டது.

ஒரு தோழரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். "இந்த நீதிமன்றம் யாருடையது என்று தெரியாதா? கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தவர்களை விட்டுவிட்ட நீதிமன்றம்தானே? அங்கே போய்க் காகிதம் பொறுக்கச் சொல்கிறீர்களே."

அவர் கோபம் நியாயமானது. 1968 டிசம்பர் 25இல் எரித்தார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் நான் அவரிடம் ஒன்று கேட்டேன். வசதியான மிராசுதார்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று அந்தத் தீர்ப்பு சந்தேகப்பட்டதை ஐம்பது வருஷமாக நாம் மேடைதோறும் சொல்லிக் காறி உமிழ்கிறோமே, அது நமக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருத்தர் அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்ததால்தானே? அநியாயத் தீர்ப்பும் நமக்குச் சாட்சிதான். நீதிமன்றம் தன் கையாலேயே தன்மேல் எழுதி வைத்த சாட்சி. அதை அலமாரியில் பூட்டி வைத்து, கெடு முடிந்ததும் விதிப்படி அழித்துவிட நாம் ஏன் விட வேண்டும்? நீதி கிடைக்கும் என்று நம்பித்தான் கட்டைத் தேட வேண்டும் என்பதில்லை. நீதி எந்த இடத்தில், யாரால், என்ன வார்த்தை சொல்லி மறுக்கப்பட்டது என்று காட்டவும் கட்டு வேண்டும்.

அண்ணலைப் பாருங்கள். 1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். போராட்டம் முடிந்துவிட்டது என்று அவர் வழக்கை விட்டுவிட்டாரா? பத்து வருஷம் நடத்தினார். நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வரும் வழக்கம் என்று எதிர்த்தரப்பு சொன்னது நிரூபிக்கப்படவில்லை என்று 1937 மார்ச் 17இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளத்தில் இறங்கிய அதே மனிதர்தான் கோர்ட் காகிதத்தையும் கையில் வைத்திருந்தார். நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

*

ஆகவே என் யோசனை சின்னது. ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் போடட்டும். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், வேறு எப்படிச் சொல்ல? ஒரு வழக்குக்கு ஒரு பக்கம். காவல் நிலையம், குற்ற எண், வருஷம், சட்டப் பிரிவு, சி.என்.ஆர். எண், அடுத்த வாய்தா. பக்கத்திலேயே மூன்று கேள்வி: சாதிச் சான்றிதழ் கட்டில் சேர்ந்ததா? டி.எஸ்.பி. விசாரித்தாரா? சாட்சிகளோடு யார் போகிறார்கள்? தீர்ப்பு வந்தால் பத்து நாளுக்குள் நகலுக்கு மனு. வந்த நகலைத் தமிழில், எளிய வார்த்தையில், அந்தச் சேரியில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். தன் வழக்கு ஏன் தோற்றது என்று தெரிந்துகொள்ள அ.சா.1க்கு உரிமை இல்லையா?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கட்டில் பெண்களின் பெயர் இருக்கும், குழந்தைகளின் பெயர் இருக்கும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அது நம் தங்கச்சிக்கு நாமே செய்யும் இரண்டாவது கொடுமை. சுவரொட்டியில் போடுவதற்கல்ல இந்த நோட்டு. சாட்சியின் முகவரி அதில் இருந்தால் நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்பதிலும் கவனம் வேண்டும்.

அந்தம்மாவின் வழக்கு இன்னும் என் மனசில் முடியவில்லை. 180 நாளுக்குமேல் மேல்முறையீடே கூடாது என்ற வாசகத்தை 2018இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி வாதாடிப் பார்க்கலாம் என்கிறார் நம் வக்கீல் தோழர். கதவு திறக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. அதை அந்தம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "செயிக்குதோ தோக்குதோ, அந்த நம்பர எழுதிக் குடுங்க தம்பி. இனிமே நானே கேட்டுக்கிறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். எப்.ஐ.ஆருக்குள் வைத்து மடித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார்.

இதைப் படிக்கும் தோழரே, உங்கள் ஊரில் கடைசியாக நடந்த வன்கொடுமையின் தேதி உங்களுக்குத் தெரியும். அதன் குற்ற எண் தெரியுமா?